யாருடைய பொழுதில் எழுதினோம்

என் மூன்றாவது கவிதைத் தொகுப்பு வெளியான அன்று, திருப்பூரில் ஒரு சிறிய அரங்கில், வாழ்த்திப் பேச வந்த மூத்த பேராசிரியர் ஒருவர் இப்படித் தொடங்கினார்: "குடும்பத்தையும் ஒரு குறையில்லாமல் கவனித்துக்கொண்டு, கல்லூரி வேலையையும் பார்த்துக்கொண்டு, கவிதையும் எழுதுகிறார் நம் சகோதரி." கைதட்டினார்கள். முதல் வரிசையில் இருந்த என் மாமியார் முந்தானையைச் சரிசெய்துகொண்டார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பைப் புகைப்படத்தில் பார்த்தபோதுதான் எனக்குக் கோபம் வந்தது.

இருபது ஆண்டுகளாக இலக்கணம் நடத்துகிறவள் என்பதால் அந்த வாக்கியத்தின் உம்மைகளிடம் போனேன். முதல் இரண்டும் எண்ணும்மை. மூன்றாவதை அப்படி எடுத்துக்கொள்ள மனம் வரவில்லை. ‘கவிதையும்’ என்பதில் இருப்பது எச்சவும்மை. குடும்பம் போக, வேலை போக, எஞ்சியதில் எஞ்சியதாக எழுதப்பட்டது. அதே மேடையில் அன்று ஓர் ஆண் கவிஞரின் நூலும் வெளியானது. அவர் பிள்ளைகளுக்கு டிபன் கட்டிக்கொடுத்துவிட்டுக் கவிதையும் எழுதுகிறார் என்று யாரும் சொல்லவில்லை. அவர் கட்டிக்கொடுப்பதில்லை என்பது வேறு விஷயம். கட்டிக்கொடுத்தாலும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இந்தக் கட்டுரையை அந்த வாக்கியத்துக்கு ஒரு பதிலாகத்தான் எழுதத் தொடங்கினேன். எழுதி முடிப்பதற்குள் அது வேறு யாருக்கோ சொல்லவேண்டிய பதிலாக மாறிவிட்டது.

எங்கள் பக்கம் ‘நேரமே’ என்றொரு சொல் உண்டு. அவிநாசியில் ஒருவர் "நாளைக்கு நேரமே வந்துரு கண்ணு" என்றால், சீக்கிரம் வா என்று பொருள். தஞ்சாவூர்த் தோழி ஒருத்தி இதைக் கேட்டு, "உங்க ஊர்ல நேரம்னாலே விடியறதுக்கு முன்னாடிதானா?" என்று சிரித்தாள். பெண்களைப் பொறுத்தவரை ஏறக்குறைய அப்படித்தான். என் அம்மாவுக்கு நேரம் என்று ஒன்று இருந்ததென்றால் அது விடிவதற்கு முன்புதான். வெடியால நான்கு மணிக்கு எழுந்து, பால் கறக்க ஆள் வருவதற்குள், வாசல் தெளித்துக் கோலம் போடுவார். வேறு எந்த வேலையையும் அவர் அத்தனை மெதுவாகச் செய்து நான் பார்த்ததில்லை. புள்ளி வைத்துவிட்டு எட்டி நின்று பார்ப்பார். எட்டரை மணிக்கு அதன் மேல் வண்டி ஏறிவிடும். அது வேலையா, கலையா என்று நான் ஒருபோதும் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை.

தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019ஆம் ஆண்டு முழுவதும் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் ஒரு நாளைக்குச் செலவிடும் நேரம் சராசரியாக 299 நிமிடம், ஆண் செலவிடுவது 97 நிமிடம். மாணவிகளிடம் இதைச் சொன்னால், "97 நிமிடமா? எங்க அப்பா அவ்வளவு செய்ய மாட்டாரே மேடம்" என்பார்கள். அவர்கள் கேட்பது சரி. அந்த 97 நிமிடம் எல்லா ஆண்களுக்குமான சராசரி அன்று. வீட்டு வேலை செய்யும் ஆண்களுடைய சராசரி மட்டுமே. ஆண்களில் அப்படி ஏதேனும் செய்பவர்கள் நூற்றுக்கு 26 பேர்தான். பெண்களில் 81 பேர்.

தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்கிறது. நிலம் யாருடையது என்று நாம் ஓரளவு கேட்கத் தொடங்கிவிட்டோம். பொழுது யாருடையது என்று கேட்பதில்லை. குறிஞ்சிக்கு யாமம், முல்லைக்கு மாலை, மருதத்துக்கு வைகறை என்று தேர்வுக்கு மனப்பாடம் செய்கிறோம். அந்த மாலையில் விளக்கேற்றியவள் யார், வைகறையில் சாணம் கரைத்தவள் யார் என்று உரைகாரர் கவலைப்படவில்லை.

குறுந்தொகையின் 167ஆம் பாடலை ஆண்டுதோறும் நடத்துகிறேன். புதிதாக மணமான பெண் கட்டித் தயிரைக் கையால் பிசைந்து, அந்த விரலைக் கழுவாமல் ஆடையில் துடைத்து, தாளிக்கும் புகை கண்ணில் நிறைய நிறையக் குழம்பு வைக்கிறாள். கணவன் இனிதென்று சொல்லி உண்கிறான். அவள் முகம் மெல்ல மலர்கிறது. மகள் வீட்டைப் பார்த்துவந்த செவிலி நற்றாயிடம் சொல்வதாகப் பாடல். பாடியவர் கூடலூர் கிழார், ஓர் ஆண். நான் மாணவியாக இருந்தபோது இதை எனக்கு நடத்திய ஆசிரியர் இல்லறத்தின் இனிமை என்றார். நானும் பல ஆண்டுகள் அதையே சொன்னேன். நான்கு ஆண்டுகளுக்கு முன் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் கேட்டாள்: "அவ எப்ப மேடம் சாப்பிட்டா?" அந்தப் பெண் பனியன் கம்பெனியில் பகுதி நேரமாகச் செக்கிங் வேலை பார்த்துக்கொண்டே படித்தவள். பாடலில் அதற்கு விடை இல்லை. அந்தப் பாடல் மோசமான பாடல் என்று நான் சொல்லவில்லை. புகையும் தயிரும் ஒட்டிய அந்த ஆடையைப் பார்க்கத் தெரிந்த கண் பெரிய கண்தான். ஆனால் அந்தக் கண் அவளுடைய முகம் மலர்ந்ததோடு நின்றுவிடுகிறது. அவள் கையைக் கழுவிக்கொண்டு போய் எங்கே உட்கார்ந்தாள் என்பதைப் பாட அடுப்படிக்குள் இருந்தவர் ஒருவர் வேண்டியிருந்தது.

அம்பை அதைச் செய்தார். கோயம்புத்தூரில் பிறந்தவர் என்பதில் எங்களுக்கெல்லாம் ஓர் உரிமையான பெருமை உண்டு, அவர் வளர்ந்ததும் எழுதியதும் வேறு ஊர்களில் என்றாலும். ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’ 1988இல் தொகுப்பாக வந்தது. ராஜஸ்தானத்துப் பெரிய வீடு ஒன்றில், எத்தனையோ அறைகளுக்குப் பின்னால், ஒட்டவைத்ததுபோல் ஓர் இருட்டு அடுப்படி. சன்னலுக்கு வெளியே மலை. தெற்கிலிருந்து வந்த மருமகள் மீனாட்சி சமையலறையைக் கொஞ்சம் மாற்றலாமே என்கிறாள். விளைவாக, அந்தச் சன்னலுக்கு எதிரே துணி உலர்த்தும் கொடிகள் வந்து மலை மறைந்துபோகிறது. இக்கதையைப் பற்றி வந்த கட்டுரைகள் பெரும்பாலும் இடத்தைப் பற்றியே பேசுகின்றன. எனக்கு அது பொழுதைப் பற்றிய கதை. அந்தக் கொடிகள் மறைப்பது, கிளறிக்கொண்டிருக்கும் கை ஒரு நொடி நின்று நிமிர்ந்து வெளியே பார்க்கும் அந்த நொடியை. எங்கள் தாத்தா கட்டிய தொட்டிக்கட்டு வீட்டில் ஆசாரத்துக்கு நான்கு சன்னல்கள். அடுப்படிக்குப் பொடக்காளி பக்கம் ஒரு கதவு, அதுவும் பாத்திரத்தை எடுத்துப்போக. கட்டியவர் கஞ்சத்தனம் செய்யவில்லை. அங்கே நிற்பவர் நிமிர்ந்து பார்ப்பார் என்று அவருக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

சல்மாவின் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். துவரங்குறிச்சியில் பூப்படைந்ததும் பள்ளி நின்றது. திருமணத்துக்குப் பின் இரவில் கழிப்பறையில் நின்றபடி எழுதினார். எழுதிய தாள்களை ஒளித்துவைத்தார். புனைபெயரில் வெளியிட்டார். 2000இல் ‘ஒரு மாலையும் இன்னொரு மாலையும்’, 2004இல் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’. கிம் லாங்கினாட்டோ எடுத்த ஆவணப்படம் 2013இல் வந்தபிறகு உலகம் முழுக்க இந்தக் கழிப்பறை பேசப்பட்டது. என்னிடம் படிக்கும் பிள்ளைகளுக்குச் சல்மாவின் ஒரு கவிதைகூடத் தெரியாது. கழிப்பறையில் எழுதினார் என்று தெரியும். இது எனக்குச் சங்கடமாக இருக்கிறது. ஒருவருக்கு மறுக்கப்பட்ட நேரத்தை அவருடைய சாதனைச் சின்னமாக்கி மாலை போடும்போது, மறுத்தவர்கள் மேடையை விட்டு இறங்கிவிடுகிறார்கள். "பாருங்கள், நினைத்தால் எங்கே இருந்தும் எழுதலாம்" என்று அதைத் தன்னம்பிக்கைக் கதையாக்கிச் சொல்லும் பேச்சாளர்களைக் கேட்டிருக்கிறேன்.

படைப்பாகப் பார்த்தால் அங்கே நிகழ்ந்திருப்பது வேறு. யாமம் நம் மரபில் தலைவன் வரும் பொழுது, கூடும் பொழுது. சல்மா அந்தப் பொழுதை எடுத்து, பெண்கள் தூங்காமல் கிடக்கும், தமக்குள் பேசும், கணக்குப் பார்க்கும் பொழுதாக்கிவிட்டார். அவர் நாவலின் பெண்கள் பேசும் பேச்சு, ஆண்கள் இல்லாதபோது மட்டும் பேசப்படும் பேச்சு. எழுதக் கிடைத்த நேரமே எழுத்தின் பொருளும் ஆகியிருக்கிறது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்தத் தாள்களை வீட்டுக்கு வெளியே கொண்டுபோய்ச் சேர்த்தவர் அவருடைய தாய். பெண்ணை வீட்டுக்குள் வைத்த அதே குடும்பத்தின் தாய். அவரைப் பற்றி ஒரு கட்டுரை எழுதவேண்டும்.

இங்கே ஒரு பழைய விவாதத்துக்குள் நுழைய வேண்டியிருக்கிறது. வர்ஜீனியா வுல்ஃப் 1928இல் கேம்பிரிட்ஜின் பெண்கள் கல்லூரிகளில் ஆற்றிய உரைகள் அடுத்த ஆண்டு ‘தனக்கென ஓர் அறை’யாக வந்தன. பெண் எழுத ஆண்டுக்கு ஐந்நூறு பவுண்டும் ஓர் அறையும் தேவை என்றார். பொது அறையில் உட்கார்ந்து, ஓயாத இடையூறுகளுக்கு நடுவே எழுதியவர்களுக்குக் கவிதையைவிட உரைநடைப் புனைவே எளிது என்பதும் அவர் கணிப்பு. ஆட்ரி லார்ட் இதை அப்படியே திருப்பிப் போட்டார். கவிதைதான் கலைகளிலேயே சிக்கனமானது. வேலை முறைகளுக்கு நடுவே, பயணத்தில், கிடைத்த துண்டுத்தாளில் எழுதிவிடலாம். உரைநடைக்குத்தான் தாளும் தட்டச்சுப்பொறியும் நீண்ட நேரமும் வேண்டும் என்றார். கறுப்பினப் பெண்ணாக, உழைப்பாளியாக அவர் சொன்னது அது.

என் அனுபவம் லார்டின் பக்கம். பேருந்தில், விடைத்தாள் திருத்தும் முகாமில், குக்கரின் இரண்டாவது விசிலுக்கும் மூன்றாவது விசிலுக்கும் இடையில் எழுதியவள் நான். என் கவிதைகளில் பெரும்பாலானவை பன்னிரண்டு வரிக்குள் முடிந்துவிடும். விமர்சகர்கள் ‘செறிவு’ என்றார்கள். பாராட்டை வாங்கிக்கொண்டேன். ஆனால் அவற்றில் ஐந்தாறு கவிதைகள் முடியவேண்டிய இடத்தில் முடியவில்லை, மூன்றாவது விசிலில் முடிந்தன என்பது எனக்குத் தெரியும். பதினொரு ஆண்டுகளாக ஒரு நாவலை எழுதிக்கொண்டிருக்கிறேன். மூன்று அத்தியாயம் ஆகியிருக்கிறது. ஒவ்வொரு மே மாத விடுமுறையிலும் அந்த மூன்றையும் மறுபடி படிப்பதற்குள் விடுமுறை முடிந்துவிடும். பெண்களின் மொழி துண்டு துண்டானது, அதுவே அவர்களின் அழகியல் என்று கோட்பாட்டில் படிக்கும்போது ஒரு பக்கம் மகிழ்ச்சியாகவும் ஒரு பக்கம் எரிச்சலாகவும் இருக்கும். எங்களைத் துண்டு துண்டாக்கியதை எங்கள் அழகு என்று நாங்களே சொல்லிக்கொள்ள வேண்டுமா?

ஆனால் தமிழ் வரலாறு வுல்ஃபுக்கும் லார்டுக்கும் பிடிகொடுக்காத ஒரு செய்தியை வைத்திருக்கிறது. 1901இல் பிறந்த வை.மு. கோதைநாயகி 115 நாவல்கள் எழுதினார். 1925 முதல் ‘ஜகன்மோகினி’யை நடத்தினார். சின்னஞ்சிறு வயதில் மணமானவர், பள்ளிக்குப் போகாதவர். தேசியப் போராட்டத்தில் சிறை சென்றபோது அங்கேயும் நாவல் எழுதினார். ராஜம் கிருஷ்ணன் நீலகிரியிலிருந்து ‘குறிஞ்சித்தேன்’ எழுதினார், தூத்துக்குடி உப்பளங்களுக்குப் போய் ‘கரிப்பு மணிகள்’ எழுதினார். லக்ஷ்மி மருத்துவராக வேலை பார்த்துக்கொண்டு எத்தனை தொடர்கதைகள் எழுதினார். இவர்களுக்கு இடையூறு இல்லையா? இருந்திருக்கும். ராஜம் கிருஷ்ணனுக்குக் குழந்தைகள் இல்லை என்று சிலர் உடனே காரணம் சொல்வார்கள். எனக்கு அது போதவில்லை.

நான் நினைப்பது இது. தொடர்கதைக்கு ஒரு கெடு இருந்தது. இந்த வாரம் பக்கம் காத்திருக்கிறது, அச்சகம் காத்திருக்கிறது, ஊரெல்லாம் காத்திருக்கிறது. கொஞ்சம் பணமும் வந்தது. வெளியிலிருந்து ஒருவர் காத்திருக்கிறார் என்றால் வீடு அந்த நேரத்தை வேலை என்று ஒப்புக்கொள்கிறது. கோதைநாயகிக்குக் கெடுவை விதித்தவரும் அவரேதான். பத்திரிகையே அவருடையது. கவிதைக்காக யாரும் காத்திருப்பதில்லை. அதனால் கவிதை எழுதுகிறவள் ‘சும்மா உட்கார்ந்திருப்பவள்’. என் வீட்டில் நான் தேர்வுத்தாள் திருத்தினால் அத்தை தொலைக்காட்சியின் ஒலியைக் குறைப்பார். கவிதை எழுதினால், "சும்மாதான இருக்கற, அந்தக் கொத்தமல்லிய ஆஞ்சு குடு கண்ணு" என்பார். அவர் கொடுமைக்காரர் இல்லை. அவருக்குத் தெரிந்த கணக்கு அது. எந்த நேரத்துக்குக் கூலி உண்டோ அது நேரம்.

கோதைநாயகியின் வாழ்க்கையில் இன்னொரு நிகழ்ச்சி அடிக்கடி சொல்லப்படும். தொடக்கத்தில் அவருக்குச் சரளமாக எழுத வராது. முதல் நாடகத்தை அவர் வாயால் சொல்லச் சொல்ல எழுதித் தந்தவர் ஒரு தோழி. நூற்றுப் பதினைந்து நாவல்களுக்கு முன்னால் இன்னொரு பெண்ணின் பொழுது நிற்கிறது. வுல்ஃபின் நூலிலும் அப்படித்தான். அந்தக் கதைசொல்லிக்கு ஆண்டுக்கு ஐந்நூறு பவுண்டு எங்கிருந்து வந்தது தெரியுமா? பம்பாயில் குதிரையிலிருந்து விழுந்து இறந்துபோன ஓர் அத்தையின் உயிலிலிருந்து. அறை லண்டனில், அதற்கு வாடகை கட்டியதில் நம் ஊர் உழைப்பும் கொஞ்சம் இருந்திருக்கலாம் என்று நினைக்காமல் அந்தப் பக்கத்தை என்னால் கடக்க முடிவதில்லை.

சில ஆண்டுகளாக எங்கள் ஊர்களில் ஒரு மாற்றம் நடக்கிறது. பொழுதோட ஏழு மணி ஆனால் கோயில் திடலில் பெண்கள் கூடுகிறார்கள். வள்ளி கும்மி பயிற்சி. வாத்தியார் பாட, இருபது வயதுப் பெண்ணும் ஐம்பது வயது அக்காவும் வட்டத்தில் சேர்ந்து அடியெடுத்து வைக்கிறார்கள். இரண்டு மணி நேரம். பல மாதம் பயின்று, ஒரே நிறப் புடவையில் அரங்கேற்றம். மேட்டுப்பாளையம் பக்கம் தேக்கம்பட்டியைச் சேர்ந்த பத்ரப்பன் 2024இல் பத்மஸ்ரீ பெற்றார், தம் 87ஆம் வயதில். ஆண்கள் ஆடிவந்த வள்ளி ஒயில் கும்மிக்குள் பெண்களைக் கொண்டுவந்தவர் என்பது அவரைப் பற்றி முதலில் சொல்லப்படும் பெருமை. அது உண்மையான பெருமைதான்.

எங்கள் வீதியில் பலகாரம் செய்து விற்கும் ஓர் அக்கா அந்தக் கும்மிக்குப் போகிறார். கணவர் போனபின் பத்து ஆண்டுகள் வாசலைத் தாண்டாதவர். "ஆடிட்டு வந்து படுத்தா, ஒடம்பு என்னோடதுன்னு இருக்குது அம்மிணி" என்றார். பெண்ணியக் கோட்பாட்டு நூல்களில் நான் அடிக்கோடிட்ட எந்த வரியும் இதைவிடத் தெளிவாக இல்லை. பயிற்சி நாளில் பேரப்பிள்ளைகளை மாமியார்களே பார்த்துக்கொள்கிறார்கள். சமையலைச் சீக்கிரம் முடிக்க மாமனார்களே அவசரப்படுத்துகிறார்கள். எனக்குப் பொறாமையாக இருந்தது. ஒரு கவிதைக்கு அரை மணி நேரம் தராத அதே வீதி, கும்மிக்கு இரண்டு மணி நேரத்தை எப்படி எடுத்துத் தந்தது?

விடை மேடையில் கிடைத்தது. கும்மி மேடை ஒன்றில் பெண்பிள்ளைகளை நிற்கவைத்து, சொந்தச் சாதிப் பையனைத்தான் மணப்போம் என்று உறுதிமொழி எடுக்கவைத்த காணொளி பரவிப் பெரும் பேச்சானது. எல்லாக் குழுக்களும் அப்படி இல்லை. எங்கள் திடலில் நான் அப்படி எதையும் கேட்கவில்லை. ஆனால் சமூகம் ஒரு பெண்ணுக்குப் பொழுதைத் தரும்போது அதை எந்தக் கணக்கில் எழுதிக்கொள்கிறது என்பதை அந்தக் காணொளி காட்டிவிட்டது. இதில் பெரிய வேடிக்கை, அங்கே பாடப்படும் கதை. தினைப்புனம் காத்த குறமகள் தானே ஒருவனை விரும்பி, தன் இனத்துக்கு வெளியே மணந்த கதை அது. வள்ளியை விடிய விடியப் பாடிவிட்டு, வள்ளி செய்ததைச் செய்ய மாட்டேன் என்று சத்தியம் வாங்குகிறார்கள்.

அந்த அக்காவின் உடம்பு அவருக்குத் திரும்பக் கிடைத்ததும் உண்மை, அந்த உறுதிமொழியும் உண்மை. இதில் ஒன்றைச் சொல்லி மற்றதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. கும்மியை ஒட்டுமொத்தமாகச் சாதி நாடகம் என்று எழுதும் நகரத்துத் தோழர்கள் ஒரு நாளாவது அந்தத் திடலில் வந்து நிற்கவேண்டும்.

இனி, நான் சொல்லத் தயங்கிக்கொண்டிருந்த பகுதி.

என் வீட்டில் ஒன்பது ஆண்டுகளாக ஓர் அக்கா பாத்திரம் துலக்கி, வீடு கூட்டி, துணி மடித்து வைக்கிறார். நான் நிலமுள்ள சாதியில் பிறந்தவள், அவர் அருந்ததியர். என் அத்தை அவரைப் பெயர் சொல்லி, ஒருமையில் அழைப்பார். நான் அக்கா என்றபோது முதல் சில மாதம் அவருக்கே அது பிடிக்கவில்லை, "பேரச் சொல்லியே கூப்புடுங்க டீச்சர்" என்றார். முன்பு பனியன் கம்பெனியில் இருந்தவர். காலை எட்டரைக்குப் போனால் இரவு எட்டரை, ஒன்றரை ஷிப்ட். முதுகு விட்டுப்போய் வீட்டு வேலைக்கு வந்தார். இப்போது நான்கு வீடுகள். மீதி நேரத்தில் வீட்டில் உட்கார்ந்து துணிகளில் நூல் பிசிறு வெட்டித் தருகிறார், பீஸ் கணக்கில்.

அவர் நன்றாகப் பாடுவார். வள்ளி கும்மிப் பாடல்கள் முழுவதும் மனப்பாடம். எங்கே கற்றார்? திடலை அடுத்த வீட்டில் பாத்திரம் துலக்கும்போது, சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டு. வட்டத்துக்குள் அவரை யாரும் கூப்பிட்டதில்லை. "வராதே" என்றும் யாரும் சொன்னதில்லை. எங்கள் ஊரில் அதைச் சொல்லவேண்டிய தேவை இருப்பதில்லை. என் அடுப்படிக் குழாயடியில் அவர் பாடிக்கொண்டே துலக்குவார். பாடலின் தாளத்துக்குத் தட்டுகள் அடுக்கப்படும். அதைக் கேட்டுக்கொண்டே உள்ளறையில் நான் எழுதுவேன்.

அவர் குரலைப் பற்றி ஒரு கவிதை எழுதினேன். நான் எழுதியதிலேயே அதிகம் பேசப்பட்டது அதுதான். ஒரு கருத்தரங்கில் வாசித்தபோது ஒருவர் கண்கலங்கினார். பாமாவின் ‘சங்கதி’யைப் பாடம் நடத்துகையில், உழைக்கும் பெண்களின் பாட்டு வேலையின் ஊடாகவே பிறக்கிறது, அவர்களுக்குத் தனிநேரம் தேவைப்படவில்லை என்று ஒருமுறை நான் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். இப்போது அதை நினைத்தால் கூசுகிறது. எனக்கு மட்டும் அறை வேண்டும், கதவு வேண்டும், இரண்டு மணி நேரம் வேண்டும். அவருக்குப் பாட்டு குழாயடியிலேயே வந்துவிடுமாம்.

முனைவர் பட்ட ஆய்வேட்டைக் கடைசி இரண்டு ஆண்டுகளில்தான் எழுதி முடித்தேன். அவர் வேலைக்கு வந்த முதல் இரண்டு ஆண்டுகள் அவை. ஒரு நாளைக்கு எனக்கு அவர் மீட்டுத் தந்தது குறைந்தது இரண்டரை மணி நேரம். அதற்கு நான் கொடுத்த மாதச் சம்பளத்தை இங்கே எழுதக் கை வரவில்லை. சமீபத்தில் ஆய்வேட்டை நூலாக்க ஒரு பதிப்பகம் கேட்டதால் பழைய கோப்பைத் திறந்தேன். நன்றியுரை ஒன்றரைப் பக்கம். நெறியாளர், துறைத்தலைவர், நூலகர்கள், தட்டச்சு செய்தவர், அவிநாசியப்பர், ‘ஆய்வு செய்ய அனுமதித்த’ என் கணவர். அனுமதித்த என்றுதான் எழுதியிருக்கிறேன், பெண்ணியத் திறனாய்வு பற்றிய ஆய்வேட்டில். அக்காவின் பெயர் இல்லை. மறந்து விடுபட்டதென்று சொல்லமாட்டேன். அப்படி ஒரு பெயரை அங்கே போடலாம் என்றே எனக்குத் தோன்றவில்லை. தாத்தாவுக்கு அடுப்படியில் சன்னல் வைக்கத் தோன்றாததுபோல.

பேராசிரியரின் மேடை வாக்கியத்தை மறுபடி எடுத்துப் பார்க்கிறேன். ‘குடும்பத்தையும் கவனித்துக்கொண்டு’. நான் கவனிக்கவில்லை ஐயா. நான் கவனித்ததாக நீங்கள் நினைத்த பாதியை இன்னொருவர் கவனித்தார். அன்று மேடையில் எழுந்து இதைச் சொல்லியிருந்தால், ஒருவேளை அந்தக் கோபத்துக்கு ஒரு நியாயம் இருந்திருக்கும்.

போன மாதம், ஒரு சனிக்கிழமை, அவர் பாத்திரங்களைக் கவிழ்த்து வைத்துக்கொண்டிருந்தபோது கேட்டேன்.

"அக்கா, என்னோட புஸ்தகம் ஒண்ணு வருது. அதுல உங்க பேரப் போடலாம்னு இருக்கறேன். போடட்டுங்களா?"

"எதுக்குங் டீச்சர்?"

"நீங்க வேலை பாத்ததுனாலதான நான் அத எழுதுனேன்."

அவர் கையைத் துடைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு சிரித்தார்.

"பேரப் போட்டா, ஞாயித்துக்கெழமையோட சேத்து புதங்கெழமையும் லீவு கெடைக்குங்களா?"

"புதன்கிழமை என்னக்கா?"

"எங்க வளவுல பொம்பளைக எல்லாஞ் சேந்து கும்மி பழகலாம்னு இருக்கறமுங்க. பாட்டுக்கு நாந்தான்."

புதன்கிழமை எனக்குக் காலை முதல் வகுப்பு. மாலையில் துறைக் கூட்டம் இருக்கும். மகனுக்கு டியூஷன். இரண்டு வாரமாகக் கணக்குப் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நேற்று இரவு அந்தக் கணக்கை எழுதிய தாளைக் கணவரிடம் நீட்டினேன். படித்துவிட்டு, "பாத்திரம் யாரு கழுவறது?" என்றார். தாளின் கீழே அவர் பெயரை எழுதினேன்.